மைலோ டின்னில் கிடந்த பந்தயப் பணம்

கேள்வி:

வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். சுங்கை சிப்புட்டில் ஒட்டுக்கடை வைத்திருக்கிறேன். வயது 49. தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) குடியிருப்பவர்கள்தான் என் கடைக்கு அதிகம் வருவார்கள். 2022-இல் தனி ஆளாகப் பாய்மரப் படகில் உலகத்தைச் சுற்றும் போட்டி நடந்தது. இந்தியாவின் அபிலாஷ் டோமி அதில் போகிறார் என்று யாரோ சொல்ல, எல்லாரும் கைபேசியில் பார்க்க ஆரம்பித்தார்கள். அப்புறம் பந்தயம் வந்துவிட்டது. முதல் ஆள் எத்தனை நாளில் கரை சேருவார் என்று ஆளுக்கு ஒரு நம்பர் எழுதி, 50 வெள்ளி (ரிங்கிட்) போட வேண்டும். 27 பேர் போட்டார்கள். 1,350 வெள்ளியை ஒரு மைலோ டின்னில் போட்டு நான்தான் வைத்திருந்தேன்.

கடைசியில் சண்டை. காலண்டரில் எண்ணினால் 235 நாள். போட்டிக்காரர்கள் அறிவித்தது 233. நான் 235 எழுதியவருக்குக் கொடுத்துவிட்டேன். 233 எழுதியவர் என் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. வழக்குப் போடுவேன் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இப்போது 2026 போட்டிக்கு, ஊர்ப் பையன் ஒருவர் வாட்ஸ்அப் குழு ஆரம்பித்திருக்கிறார். ஆளுக்கு 500 வெள்ளி, 60 பேர், பணம் உங்கள் கடையிலேயே இருக்கட்டும், பத்து விழுக்காடு உங்களுக்கு என்கிறார். என் மகன் லாரி ஓட்டும் ஈ கிளாஸ் லைசென்ஸ் எடுக்கச் சேர்த்த பணத்தில் 2,000 போடப் போகிறேன் என்கிறான். எனக்கு ஏதோ சரியாகப் படவில்லை. போன தடவை ஒரு படகு மூழ்கியது என்று செய்தி வந்த ராத்திரி, கடையில் ஒருவர் "ஐயோ, நம்ம நம்பர் போச்சே" என்றார். அது இன்னும் காதில் இருக்கிறது. மச்சான் வழக்குப் போட முடியுமா? பணத்தை நான் வைத்திருந்தால் தப்பா? மகனிடம் என்ன சொல்வது?

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கேட்ட மூன்று கேள்விக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அந்த ராத்திரி காதில் விழுந்ததைக் கேள்வியாகக் கேட்காமல் நடுவில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். அதற்கும் வருகிறேன்.

முதலில் அவசரமானது. அந்த 30,000 வெள்ளியை உங்கள் கடைக்குள் வரவிடாதீர்கள். ஒருவருடைய பங்கைக்கூட வாங்காதீர்கள். ஏற்கெனவே யாராவது கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கொடுத்து, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். நம் மலேசியாவில் 1953-ஆம் ஆண்டுப் பந்தயச் சட்டம் இருக்கிறது. குதிரைப் பந்தயத்துக்கு மட்டும்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் குதிரைப் பந்தயத்தோடு 'மற்ற விளையாட்டு நிகழ்ச்சி'களையும் சேர்த்தே சொல்கிறது. பொதுமக்கள் வந்துபோகும் ஓர் இடத்தில் அப்படிப் பந்தயம் நடந்தால் அந்த இடம் பந்தய விடுதி. அதை நடத்துபவர் மேலும், பந்தயப் பணம் வாங்குபவர் மேலும் குற்றம் வரும். தண்டனை 2 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை. உங்கள் ஒட்டுக்கடை பொதுமக்கள் வரும் இடம். பாய்மரப் படகுப் போட்டி ஒரு விளையாட்டு. பத்து விழுக்காடு உங்களுக்கு வருமானம். இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாட்ஸ்அப் குழு ஆரம்பித்த பையன் கைபேசியை மூடிவிட்டுப் போய்விடுவார். டின் இருக்கும் இடத்துக்குத்தான் போலீஸ் வரும். அந்தப் பத்து விழுக்காட்டை அவர் சும்மா தரவில்லை, ஆபத்தை உங்கள் தலையில் வைப்பதற்குத் தருகிறார். தெரிந்தே செய்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கும் சட்டம் தெரியாமல் இருக்கலாம். அவரையும் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

இன்னொன்று. உங்கள் கடைக்கு மலாய்க்கார நண்பர்களும் வருவார்கள். முஸ்லிம்களுக்கு மாநில ஷரியா சட்டத்தின் கீழும் சூதாட்டம் குற்றம். விளையாட்டாக அவர்களையும் சேர்த்துக்கொண்டால் அவர்களைத் தனியே ஒரு சிக்கலில் மாட்டிவிடுகிறீர்கள்.

2022-இல் நடந்ததைப் பற்றி இப்போது பயந்து நடுங்க வேண்டாம். ஆனால் அந்தக் கணக்கு நோட்டைக் கிழிக்கவும் வேண்டாம், திருத்தவும் வேண்டாம். யாராவது அதிகாரி விசாரிக்க வந்தால் வாய்க்கு வந்ததைச் சொல்லாமல் ஒரு வழக்கறிஞரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

மச்சான் விஷயம். அவர் வழக்குப் போட்டால் நிற்காது. பந்தய ஒப்பந்தம் செல்லாது, அதில் ஜெயித்த பணத்தைக் கேட்டு வழக்குப் போட முடியாது என்று 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 31-ஆவது பிரிவு சொல்கிறது. 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 26-ஆவது பிரிவும் அதையே சொல்லிவிட்டு, பந்தயத்துக்காக மூன்றாம் ஆளிடம் வைத்த பணத்தையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. அந்த மூன்றாம் ஆள் நீங்கள்தான். ஆக, 1,350 எனக்குச் சேர வேண்டும் என்று அவர் எந்த நீதிமன்றத்திலும் நிற்க முடியாது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இங்கிலாந்தில் 1877-இல் ஒரு வழக்கு. இரண்டு பேர் நடைப்போட்டி வைத்தார்கள், ஆளுக்கு 200 பவுன். பணம் ஒருவர் கையில். போட்டி முடிந்ததும் தோற்றவர், "என் 200 பவுனை அவனிடம் கொடுக்காதே, என்னிடமே திருப்பிக் கொடு" என்றார். பணம் வைத்திருந்தவர் கேட்காமல் ஜெயித்தவரிடம் கொடுத்துவிட்டார். நீதிமன்றம், நீ கொடுத்தது தப்பு, அவருடைய 200 பவுனை உன் கையிலிருந்து கொடு என்று தீர்ப்பளித்தது. அங்கே இருந்த சட்டத்தின் வாசகமும் நம் 26-ஆவது பிரிவின் வாசகமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஜெயித்த பணத்தைக் கேட்க முடியாது. ஆனால் தான் போட்ட பணத்தை, அது கைமாறுவதற்கு முன் திரும்பக் கேட்பது வேறு விஷயம் என்று அந்த நீதிபதிகள் பார்த்தார்கள். உங்கள் 1,350 கைமாறி ரொம்ப நாள் ஆகிவிட்டது. அதனால் அந்தக் கதவும் மச்சானுக்கு இல்லை. ஆனால் டின்னைப் பிடித்திருப்பவன் நிலைமை எப்படி இருக்கும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். கொடுத்தாலும் கேள்வி, கொடுக்காவிட்டாலும் கேள்வி.

எங்கள் அப்பா தோட்டத்தில் ரப்பர் பால் நிறுக்கிற ஸ்டோரில் வேலை பார்த்தார். அவர் தராசில் யாரும் குறை சொன்னதில்லை. அதனாலேயே தோட்டத்தின் இரண்டு டிவிஷனுக்கும் பந்து விளையாட்டு வந்தபோது பந்தயப் பணத்தை அவரிடம் கொடுத்து வைத்தார்கள். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று இருக்கும்போது, முடிய பத்து நிமிஷம் இருக்கையில் மழை கொட்டிவிட்டது. அவ்வளவுதான். ஒரு கூட்டம் சமம் என்றது, ஒரு கூட்டம் மறுபடியும் ஆட வேண்டும் என்றது, இன்னொரு கூட்டம் பணத்தைத் திருப்பிக் கேட்டது. அப்பா எல்லாருக்கும் திருப்பிக் கொடுத்தார். கணக்கில் கொஞ்சம் துண்டு விழுந்தது. யார் எடுத்தது, எங்கே போனது என்று கடைசி வரை தெரியவில்லை. அம்மாவின் தோடு அடகுக்கடைக்குப் போய்த்தான் அந்தத் துண்டு அடைந்தது. தோடு திரும்பி வந்தது. ஆனால் கீழ் டிவிஷனில் இரண்டு குடும்பம் என் கல்யாணத்துக்குக்கூட வரவில்லை. நேர்மையான ஆள் என்று பார்த்துத்தான் ஊர் டின்னைக் கொடுக்கும். முதலில் சந்தேகப்படுவதும் அந்த ஆளைத்தான். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது.

சரி, 233-ஆ 235-ஆ? இரண்டும் சரி என்பதுதான் உங்கள் மச்சானுக்குச் சொல்ல வேண்டிய செய்தி. போட்டி 2022 செப்டம்பர் 4 அன்று பிரான்சின் லே சாப்ல் தொலோன் துறைமுகத்தில் கிளம்பியது. தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நோய்ஷாஃபர் 2023 ஏப்ரல் 27 அன்று முதலிடம் பிடித்துத் திரும்பினார். விரல் விட்டு எண்ணினால் 235 நாள். ஆனால் அவர் வழியில் ஓர் உயிரைக் காப்பாற்றினார். நவம்பரில் பின்லாந்தின் தாப்பியோ லெஹ்டினென் ஓட்டிய படகு இந்தியப் பெருங்கடலில் சில நிமிடங்களில் மூழ்கிவிட்டது. மனிதர் உயிர்காப்பு மிதவையில் கிட்டத்தட்ட ஒரு நாள் கிடந்தார். சுமார் 100 கடல் மைல் தள்ளி இருந்த கிர்ஸ்டன், ராத்திரி முழுக்கத் தன் படகைத் திருப்பி ஓட்டிப் போய் அவரைத் தூக்கி, ஒரு சரக்குக் கப்பலில் ஏற்றிவிட்டு, மறுபடி தன் வழியைப் பிடித்தார். அதற்குச் செலவான சுமார் ஒன்றரை நாள் நேரத்தைப் போட்டி நடத்தியவர்கள் கழித்துக் கொடுத்தார்கள். அதனால்தான் அறிவித்த கணக்கு 233.

உங்கள் கடையில் சண்டை மூட்டிய அந்த ஒன்றரை நாள், ஒரு மனிதனைக் கடலிலிருந்து தூக்க ஆன நேரம், தம்பி. அந்த ராத்திரி ஒருவர் "நம்ம நம்பர் போச்சே" என்றது இதே படகைப் பற்றித்தான்.

அவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. பக்கத்து வீட்டில் பாம்பு வந்தால் முதலில் கம்பெடுத்து ஓடுகிற ஆளாகக்கூட இருப்பார். ஐம்பது வெள்ளி அவருக்கும் அந்தக் கடலுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். ஐம்பதுக்கே அப்படி என்றால் ஐந்நூறுக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள். நான் பந்தயத்தை வேண்டாம் என்பதற்குச் சட்டம் பாதிக் காரணம். மீதிப் பாதி இதுதான்.

நீங்கள் எல்லாரும் ஏன் அந்தப் போட்டியைப் பார்க்க உட்கார்ந்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். பணத்துக்காக இல்லை. அபிலாஷ் டோமிக்காக. அவர் இந்தியக் கடற்படையில் கமாண்டராக இருந்தவர். இதே போட்டியில் 2018 செப்டம்பரில் தென் இந்தியப் பெருங்கடலில் புயல் அடித்து, படகின் பாய்மரம் முறிந்து, அவருக்கு முதுகெலும்பு அடிபட்டது. ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து சுமார் 1,900 கடல் மைல் தூரம். எழுந்திருக்க முடியாமல் படகுக்குள் படுத்துக் கிடந்தார். அதே புயலில் தன் பாய்மரத்தையும் இழந்த அயர்லாந்துக்காரர் ஒருவர், கிடைத்ததை நட்டுக் கட்டிய சின்னப் பாயோடு அவரை நோக்கி வந்துகொண்டிருந்தார். கடைசியில் ஒரு பிரெஞ்சு ரோந்துக் கப்பல் வந்து தூக்கியது. அந்த முதுகோடு நான்கு ஆண்டு கழித்து மறுபடி கிளம்பி, 236 நாளில் இரண்டாவதாக வந்தார். 16 பேர் கிளம்பிய போட்டி அது. எங்கும் நிற்காமல் முழுச் சுற்றையும் முடித்தவர்கள் மூன்றே பேர்.

அந்தப் போட்டியில் ஓட்டுபவர்கள் 1968 காலத்துக் கருவிகளோடுதான் போக வேண்டும். ஜிபிஎஸ் பார்த்து வழி தேட முடியாது. சூரியனையும் நட்சத்திரத்தையும் கோணமானியில் அளந்து, காகித வரைபடத்தில் பென்சிலால் புள்ளி வைக்க வேண்டும். ஆனால் படகில் பாதுகாப்புக்காக ஒரு கருவி பொருத்தியிருப்பார்கள். அதை வைத்து உலகமே படகு எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். அதாவது, தான் எங்கே இருக்கிறோம் என்று அபிலாஷ் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், சுங்கை சிப்புட்டில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்த உங்கள் ஆட்களுக்கு அது திட்டமாகத் தெரிந்திருந்தது. எவ்வளவு பெரிய விஷயம் இது! இதைப் பார்க்கக் காசு கட்ட வேண்டுமா?

நம் நாட்டிலேயே 1999-இல் அஸார் மன்சோர் லங்காவியிலிருந்து 'ஜாலூர் கெமிலாங்' என்ற படகில் தனியாகக் கிளம்பி, உலகைச் சுற்றி 190 நாளில் திரும்பினார். அவர் வருகிற நாள் வரை செய்தி பார்த்துக்கொண்டிருந்த எத்தனையோ வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. யாரும் டின் வைக்கவில்லை. என் அம்மா மாரியம்மனுக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டார், அவ்வளவுதான் எங்கள் செலவு.

இப்போது மகன். இதற்குக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். முடிந்தால் அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள்.

இந்தப் போட்டியின் மூலம் 1968-இல் லண்டன் பத்திரிகை ஒன்று நடத்திய போட்டி. தனியாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்ற வேண்டும். வேகமாக முடிப்பவருக்கு 5,000 பவுன். ஒன்பது பேர் கிளம்பினார்கள். அதில் ஒருவர் டொனால்ட் குரோஹர்ஸ்ட். சின்னதாக மின்னணுச் சாமான் தொழில் நடத்தியவர், நான்கு பிள்ளைகளுக்கு அப்பா. தொழில் நொடித்துக்கொண்டிருந்தது. பணம் போட்டவரோடு அவர் செய்த ஒப்பந்தத்தில் வீடும் தொழிலும் பிணையாகப் போயின. பாதியில் திரும்பினால் எல்லாம் போய்விடும். படகு சரியாகத் தயாராகவில்லை, தண்ணீர் கசிந்தது. கிளம்பக் கடைசி நாளான அக்டோபர் 31 அன்று கிளம்பினார்.

தென்கடலுக்குப் போனால் அந்தப் படகில் உயிர் தங்காது என்று அவருக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. திரும்பினால் கடன். போனால் சாவு. அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றுவதாகப் பொய்க் கணக்கை வானொலியில் அனுப்ப ஆரம்பித்தார். அந்தப் பொய் இன்னொருவரையும் இழுத்துவிட்டது. நைஜல் டெட்லி என்பவர் உண்மையிலேயே முக்கால்வாசிக்கு மேல் முடித்துவிட்டு வந்துகொண்டிருந்தார். பின்னால் குரோஹர்ஸ்ட் நெருங்கி வருகிறார் என்று நம்பி, அடிபட்ட படகை விரட்டி ஓட்டினார். 1969 மே மாதம் அசோர்ஸ் தீவுகளுக்குப் பக்கத்தில் அது மூழ்கியது. ஆள் பிழைத்தார். இப்போது குரோஹர்ஸ்ட் திரும்பினால் வேகமாக வந்தவர் அவர்தான், அவருடைய கணக்கு நோட்டைத்தான் உலகமே பிரித்துப் பார்க்கும். ஜூலை 10 அன்று அவர் படகு நடுக்கடலில் கிடைத்தது. அதில் ஆள் இல்லை. போட்டியை முடித்த ஒரே ஆள் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். அவர் தனக்குக் கிடைத்த 5,000 பவுனையும் குரோஹர்ஸ்டின் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்.

2,000 வெள்ளிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று உங்கள் மகன் கேட்பார். கேட்கட்டும். குரோஹர்ஸ்ட் துணிச்சல் இல்லாதவர் அல்ல. திரும்பி வருகிற வழியைப் பணம் அடைத்துவிட்டது. எந்த வேலைக்கென்று சேர்த்தோமோ அதற்குப் போக வேண்டிய பணத்தைப் பந்தயத்தில் வைக்கிறவனுக்கும் அதுதான் நடக்கும். முதல் 2,000 போனால், லைசென்ஸ் எடுக்க வேண்டுமே என்று அதை மீட்க இன்னொரு 2,000 தேடுவார். அது எங்கே கிடைக்கும் என்று நம் ஊரில் சொல்லித் தர வேண்டியதில்லை. விளக்குக் கம்பத்தில் எல்லாம் ஆலோங் (சட்டவிரோதமாக வட்டிக்கு விடுபவர்கள்) ஒட்டிய நம்பர் இருக்கிறது. நாலு நம்பர் லாட்டரியில் ஆரம்பித்து மோட்டார், நகை, கடைசியில் வீடு என்று போன வழக்குகள் என் அலுவலகத்துக்கு வந்திருக்கின்றன. அவர்களில் ஒருவரும் முதல் நாள் வீட்டைப் பந்தயம் வைக்கவில்லை.

ஆனால் திட்டாதீர்கள். இது முக்கியம். இந்த வயதுப் பிள்ளைக்கு அப்பா கடையில் 27 பேர் நோட்டில் நம்பர் எழுதியதைப் பார்த்த ஞாபகம் இருக்கும், அப்பாவே டின்னை வைத்திருந்ததும் ஞாபகம் இருக்கும். "நான் அன்று செய்தது சரியில்லை" என்று நீங்கள் முதலில் சொன்னால்தான் அவர் காது திறக்கும். கடை மூடி, நாற்காலியைக் கவிழ்த்து வைக்கிற நேரத்தில் பேசுங்கள். கைபேசியில் வேறு பந்தயம் ஏதாவது ஓடுகிறதா, ஏற்கெனவே யாரிடமாவது கடன் இருக்கிறதா என்று மெதுவாகக் கேளுங்கள். இருக்கிறது என்றால், வங்கி, கிரெடிட் கார்டு மாதிரி முறையான கடனாக இருந்தால் ஏகேபிகேவுக்குக் கூட்டிப் போங்கள். பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய கடன் ஆலோசனை நிலையம் அது, காசு வாங்க மாட்டார்கள். ஆலோங் என்றால் எனக்கே மறுபடி எழுதுங்கள், தாமதிக்காதீர்கள். கடன் எதுவும் இல்லை என்றால், மறுநாளே அவரோடு ஓட்டுநர் பள்ளிக்குப் போய் அந்தப் பணத்தைக் கட்டிவிட்டு வாருங்கள். கட்டின பணத்தை எடுத்துப் பந்தயம் வைக்க முடியாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, கடையில் இனிமேல் யாரும் படகைப் பற்றிப் பேசக் கூடாது என்றால் அது அநியாயம். ஊகிப்பது தப்பில்லை. மனிதர்கள் ஆசையாகச் செய்கிற காரியம் அது. 1889 நவம்பர் 14 அன்று நெல்லி பிளை என்ற இளம் பத்திரிகைக்காரி, ஒரே ஒரு கைப்பையோடு நியூயார்க் பக்கத்திலிருந்து உலகைச் சுற்றக் கிளம்பினார். அதே நாள் இன்னொரு பத்திரிகை எலிசபெத் பிஸ்லண்ட் என்ற பெண்ணை எதிர்த்திசையில் அனுப்பியது. நெல்லி கொழும்பில் கப்பலுக்காகக் காத்துக்கிடந்து, நம் பினாங்கு வழியாகத்தான் போனார். சிங்கப்பூரில் ஒரு குரங்கு வாங்கிக்கொண்டார். 72 நாளில் ஊர் திரும்பினார். பிஸ்லண்ட் சில நாள் கழித்து வந்தார். நெல்லியை அனுப்பிய பத்திரிகை, அவர் எத்தனை நாள், மணி, நிமிஷம், வினாடியில் வருவார் என்று ஊகிக்கச் சொன்னது. பத்திரிகையில் வந்த சீட்டை வெட்டி அனுப்ப வேண்டும். சரியாகச் சொன்னவருக்கு ஐரோப்பாவுக்கு இலவசப் பயணம். சீட்டுகள் லட்சக்கணக்கில் குவிந்தன. தோற்றவர்களுக்கு ஒரு பத்திரிகையின் விலைக்கு மேல் நஷ்டம் இல்லை. நாடே அந்தப் பெண்ணோடு சேர்ந்து பயணம் போனது.

நீங்கள் அதைவிடச் சுத்தமாகச் செய்யலாம். சீட்டுக்குக் காசு வேண்டாம். சாமான் வாங்கினால்தான் சீட்டு என்றும் வைக்காதீர்கள். காசு வாங்கிப் பரிசு கொடுத்தால் 1952-ஆம் ஆண்டு லாட்டரிச் சட்டம் குறுக்கே வரும். யார் வேண்டுமானாலும் ஒரு நம்பர் எழுதிப் போடட்டும். பரிசு நீங்களாகக் கொடுப்பது, ஒரு மூட்டை அரிசி என்று வையுங்கள். கடைச் சுவரில் பெரிய உலக வரைபடம் ஒன்று மாட்டி, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை விட்டு வாரம் ஒரு தடவை படகு இருக்கும் இடத்தில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். ஹார்ன் முனை எங்கே, அங்கே ஏன் காற்று அப்படி அடிக்கிறது என்று அவர்களே வந்து கேட்பார்கள்.

முதல் நாளே சுவரில் விதியை எழுதிவிடுங்கள். போட்டி நடத்துபவர்கள் அறிவிக்கும் நேரம்தான் கணக்கு, காலண்டர் அல்ல. யாருமே முடிக்காவிட்டால் அரிசி கோயில் அன்னதானத்துக்கு. 16 பேரில் மூன்று பேர் முடிக்கிற போட்டியில் அப்படியும் நடக்கலாம்.

வாட்ஸ்அப் குழுவில் போட ஒரு செய்தி எழுதித் தருகிறேன். உங்கள் பேச்சுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்:

"நண்பர்களே, 2026 போட்டிக்கு என் கடையில் பணம் வாங்க மாட்டேன், வைத்திருக்கவும் மாட்டேன். சட்டப்படி தப்பு என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பணம் கொடுத்தவர் யாராவது இருந்தால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். நம்பர் எழுதலாம், இலவசம். பரிசு அரிசி மூட்டை என் சொந்தச் செலவு. வழக்கம்போலக் கடையில் உட்கார்ந்து சேர்ந்து பார்ப்போம்."

இதைப் போட்ட அன்றே மச்சான் வீட்டுக்குப் போங்கள். போவதற்கு முன் அந்த 235 எழுதியவரிடம் ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள். 1866-இல் சீனாவின் ஃபூச்சோவிலிருந்து தேயிலை ஏற்றிக்கொண்டு பாய்மரக் கப்பல்கள் லண்டனுக்குப் போட்டி போட்டு ஓடின. இங்கிலாந்தில் ஊரெல்லாம் பந்தயம். 99 நாள் ஓடி, ஏரியல் என்ற கப்பல் கரையோரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னால் வந்தது. ஆனால் துறைமுகத்துக்குள் நுழைந்ததில் டேபிங் என்ற இன்னொரு கப்பல் 28 நிமிஷம் முந்திக்கொண்டது. எந்தக் கோட்டைத் தாண்டினால் ஜெயித்ததாக அர்த்தம் என்று சண்டை வரும் என்று பார்த்த முதலாளிகள், டன்னுக்குப் பத்து ஷில்லிங் என்று இருந்த பரிசுத்தொகையைப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். உங்கள் 235 நண்பரும் அப்படிப் பாதி தர மனம் வைத்தால் நல்லது. அவர் தர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மாட்டேன் என்றால் வற்புறுத்தாதீர்கள், நீங்கள் கைக்காசைப் போட்டு ஈடுகட்டவும் வேண்டாம். மச்சானுக்கு வலித்தது 1,350 வெள்ளி அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. சொந்தத் தங்கை புருஷன் தன் பேச்சைக் கேட்கவே இல்லையே என்பதுதான். போகும்போது அந்தக் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு, மனைவியையும் கூட்டிப் போங்கள். அவர் 233 என்று எழுதிய பக்கத்தைத் திறந்து வைத்து, "எந்தக் கணக்கு என்று நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, உங்கள் நம்பரும் சரிதான்" என்று சொல்லுங்கள். அந்த இரண்டு நாள் எங்கே போனது என்ற கதையையும் அவருக்குச் சொல்லுங்கள்.